வாசலைச் சாத்திவிட்டுத்தான் புதுப்பிக்க வேண்டுமா?

“ஒரு தேசிய நினைவிடப் பூங்காவில் சீரமைப்பு வேலை நடக்கும்போது அதை முழுவதுமாக மூடித்தான் ஆக வேண்டுமா? அமிர்தசரஸில் உள்ள ஜாலியன்வாலா பாக் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பூட்டியே கிடந்தது. ஒரு பகுதியையாவது திறந்து வைத்திருக்க முடியாதா?” என்பது கேள்வி. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். சுருக்கமாகச் சொல்வதானால், பெரும்பாலான நினைவிடங்களில் அது முடியும். ஜாலியன்வாலா பாகில் மற்ற இடங்களைவிடக் கடினம். ஆனாலும் முடிந்திருக்கும் என்பதே என் கருத்து. எப்படி முடிந்திருக்கும் என்பதைச் சொல்வதற்கு முன், மூடியதால் உண்மையில் எதை இழந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். சுற்றுலா வந்தவர்கள் ஏமாந்து திரும்பியது அதில் மிகச் சிறிய பங்குதான்.

பாக் என்றால் தோட்டம். ஆனால் 1919-இல் அங்கே தோட்டம் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்கவில்லை. நாலாபுறமும் வீடுகளின் பின்சுவர்களால் அடைபட்டு, ஏறத்தாழ 6 அல்லது 7 ஏக்கர் பரப்பில் மேடும் பள்ளமுமாகக் கிடந்த பொட்டல் வெளி அது. அந்த ஆண்டு ஏப்ரல் 13, வைசாகித் திருநாள். ஆங்கிலேயப் படையதிகாரி ரெஜினால்ட் டயர் குறுகிய சந்து ஒன்றின் வழியே தன் படையை உள்ளே அழைத்து வந்து, எச்சரிக்கை எதுவும் இன்றி, கூடியிருந்த மக்களை நோக்கிச் சுடச் சொன்னார். சுமார் 50 துப்பாக்கிகள், ஏறக்குறைய 10 நிமிடம், 1,650 குண்டுகள். இறந்தோர் 379 பேர் என்றது அரசுக் கணக்கு. ஆயிரத்தை ஒட்டி இருக்கும் என்றது காங்கிரஸ் அமைத்த விசாரணை. டயர் தன்னுடன் இரண்டு கவச வண்டிகளையும் கொண்டுவந்திருந்தார். சந்து குறுகலாக இருந்ததால் அவை உள்ளே நுழைய முடியாமல் வெளியிலேயே நின்றுவிட்டன. அவை நுழைந்திருக்குமானால் இயந்திரத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்று அதே ஆண்டு நவம்பரில் லாகூரில், அரசு அமைத்த விசாரணைக் குழுவான ஹண்டர் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார்.

இந்தச் சந்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற நினைவிடங்களில் வாசல் என்பது உள்ளே போவதற்கான வழி மட்டுமே. இங்கே வாசலே சாட்சியப் பொருள். அதன் அகலம் எவ்வளவு, அதன் சுவர்கள் எவ்வளவு உயரம், உள்ளே நுழைகிறவர் எத்தனை எட்டு வைத்த பிறகு வெளி கண்ணில் படுகிறது என்பதெல்லாம் அந்த நாளில் என்ன நடந்தது, எது நடக்காமல் போனது என்பதைத் தீர்மானித்த அளவுகள். அந்த இடத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை, வேலை தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன். அப்போது அந்தச் சந்து வெறும் சந்தாகவே இருந்தது. இரண்டு பக்கமும் பஞ்சாபின் பழைய மெல்லிய செங்கல் தெரியும் சுவர், எதிரே வருபவருக்கு வழிவிட உடலைச் சற்றுத் திருப்பிக்கொள்ள வேண்டிய நெருக்கம், பொற்கோயில் வீதியின் இரைச்சல் பின்னால் தேய்ந்துகொண்டே போவது. அதைத் தாண்டி வெளியே வந்து நின்றால் புல்வெளி. எனக்கு முன்னால் போன பள்ளிப் பிள்ளைகள் அதுவரை சத்தம் போட்டுக்கொண்டே வந்தவர்கள், அங்கே வந்ததும் தாமாகவே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். யாரும் அவர்களை அதட்டவில்லை.

அந்த இடம் 1919-இல் இருந்தபடியே 2020 வரை இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. படுகொலைக்கு அடுத்த ஆண்டே நினைவிடம் அமைக்க ஓர் அறக்கட்டளை உருவாகி, மக்களிடம் திரட்டிய பணத்தில் நிலம் வாங்கப்பட்டது. 1951-இல் ஜாலியன்வாலா பாக் தேசிய நினைவிடச் சட்டம் வந்தது. பெஞ்சமின் போல்க் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த செந்நிற மணற்கல் சுடர்த் தூணை 1961 ஏப்ரல் 13 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத், நேரு முன்னிலையில் திறந்து வைத்தார். புல்வெளியும் பூச்செடிகளும் நடைபாதைகளும் பிறகு வந்தவையே. துப்பாக்கி பிடித்த சிப்பாய்களின் உருவத்தில் செடிகளை வெட்டிவிட்டிருந்தார்கள். எனக்கு அது என்றும் பிடித்ததில்லை. ஆகவே, புதுப்பித்ததே தவறு என்று நான் வாதாட வரவில்லை. கோடிக்கணக்கான கால்கள் மிதித்த இடம், மழையும் வெயிலும் தின்ற செங்கல், பழுதுபட்ட தூண், சரியாகப் பராமரிக்கப்படாத காட்சிக்கூடம் என எல்லாவற்றிலும் வேலை செய்தாக வேண்டியிருந்தது உண்மை.

இனி மூடலின் வரலாறு. நூற்றாண்டு நாளான 2019 ஏப்ரல் 13 அன்று இடம் திறந்துதான் இருந்தது. சீரமைப்புக்காக மக்களின் நுழைவு 2020 பிப்ரவரி நடுவில் நிறுத்தப்பட்டது. ஏப்ரல் நினைவு நாளுக்குள் திறந்துவிடுவது என்பதே முதல் திட்டம். அதாவது மூடல் இரண்டு மாதத்துக்குத்தான் என்று சொல்லப்பட்டது. மார்ச் கடைசியில் நாடு முழுவதும் பொதுமுடக்கம் வந்தது. பிறகு தேதி தள்ளிக்கொண்டே போய், 2021 ஆகஸ்டு 28 அன்று பிரதமர் காணொளி வழியாகத் திறந்து வைத்தார். இடையில் இரண்டு ஏப்ரல் 13-கள் கடந்துவிட்டிருந்தன. இதில் பெருந்தொற்றின் பங்கை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2020 ஏப்ரலில் கோயிலும் பள்ளியும் அருங்காட்சியகமும் எல்லாமே மூடியிருந்தன. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை. ஆனால் அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நாட்டின் பல நினைவுச் சின்னங்கள் திறக்கப்பட்டபோதும் இங்கே வாசல் திறக்கவில்லை; காரணம் நோய் அல்ல, வேலை.

திறந்த அன்று உள்ளே போனவர்கள் கண்டது வேறொரு சந்து. இரண்டு பக்கச் சுவர்களிலும் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகத் திருவிழாவுக்குப் போவதுபோல் புடைப்புச் சிற்பங்கள்; கீழே பளபளக்கும் தளம்; பறவைகள் வந்து அமராதிருக்க மேலே ஒரு பகுதிக்குக் கூரை. உயிர் தப்பக் குதித்தவர்களின் பிணங்கள் குவிந்த கிணறு கண்ணாடித் தடுப்புக்குள் போயிருந்தது. சுடர்த் தூணைச் சுற்றித் தாமரைக் குளம். பயன்படாமல் கிடந்த கட்டடங்கள் நான்கு காட்சிக்கூடங்களாயின. மாலையில் ஒலி ஒளிக் காட்சி. நுழையும் வழியும் வெளியேறும் வழியும் மாற்றி அமைக்கப்பட்டன. அந்தப் படுகொலையைப் பற்றி ஆராய்ந்து எழுதிய கிம் வாக்னர் உள்ளிட்ட வரலாற்றாளர்கள், நிகழ்வின் கடைசித் தடயங்களும் அழிக்கப்பட்டுவிட்டன என்று கடிந்துகொண்டார்கள். ராகுல் காந்தி இதைத் தியாகிகளுக்கு இழைத்த அவமதிப்பு என்றார். அதே கட்சியைச் சேர்ந்த, அப்போதைய பஞ்சாப் முதலமைச்சர் அமரிந்தர் சிங், தமக்கு அது நன்றாகவே தோன்றுகிறது என்றார். யார் சொன்னது சரி என்ற வழக்கை இங்கே நடத்தப் போவதில்லை, என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மேலே சொன்னதிலிருந்தே தெரிந்திருக்கும். நான் கவனிக்கச் சொல்வது அந்த விவாதம் நடந்த தேதியை. வேலை முழுதும் முடிந்து, பணம் முழுதும் செலவாகி, நாடாவும் வெட்டப்பட்ட பிறகுதான் அது தொடங்கியது. சிற்பத்தைப் பதிப்பதற்காகச் சுவரில் முதல் துளை போட்ட நாளில் அந்தச் சந்தின் வழியே நாள்தோறும் சில ஆயிரம் பேர் நடந்துகொண்டிருந்தால், விவாதம் அந்த வாரமே தொடங்கியிருக்கும். அப்போது மாற்றுவதற்கு ஆகியிருக்கக்கூடிய செலவு ஒரு துளையை அடைக்கும் சாந்து.

இதைத்தான் இழப்பு என்று சொன்னேன். நினைவிடத்தில் வேலை நடக்கும்போது உள்ளே வந்துபோகும் மக்கள் இடைஞ்சல் என்றே பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் கருதுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கருதினேன். ஒரு சிற்றூரில் பழைய பொதுக் கட்டடம் ஒன்றைச் சீர்செய்தபோது சுற்றிலும் தகரம் அடித்து மறைத்திருந்தோம். ஒரு தகடு சரியாகப் பொருந்தாமல் நான்கு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதன் வழியே ஒரு முதியவர் தினமும் காலையில் வந்து பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் மேஸ்திரி அவரை விரட்டாத நாளில்லை. ஒருநாள் அந்த முதியவர் என்னைக் கூப்பிட்டு, குப்பையோடு ஒதுக்கிப் போட்டிருந்த கருங்கல் பலகை ஒன்றைக் காட்டி, “அந்தக் கல்லு எங்க போகப் போகுது?” என்று கேட்டார். தேய்ந்து நடுவில் குழிந்துபோன பழைய வாசற்படி அது. புதுப் படி போட அளவெடுத்தாகிவிட்டது. ஊரில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் அந்தப் படியில் விளக்கு வைப்பது நாற்பது ஐம்பது ஆண்டு வழக்கம் என்று அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் வரைபடத்தில் அது ‘சிதைந்த படி, மாற்றுக’ என்று இருந்தது. கல்லை எடுத்துக் கழுவிப் பழைய இடத்திலேயே பதித்தோம். அதற்குப் பிறகு நான் பார்த்த வேலைகளில் எல்லாம் தகரத் தடுப்பில் கண் உயரத்தில் ஒரு சாளரம் வெட்டச் சொல்வது என் வழக்கமாகிவிட்டது.

இப்போது, திறந்து வைத்துக்கொண்டே வேலை பார்ப்பது நடைமுறையில் எப்படி என்பதற்கு வருகிறேன். ஒரு சீரமைப்புப் பணியில் மக்களுக்கு உண்மையிலேயே ஆபத்தான கட்டங்கள் சில உண்டு: சாரம் கட்டுவதும் பிரிப்பதும், தலைக்கு மேலே இடிப்பது, பளுவான கல்லைத் தூக்கி நிறுத்துவது, இரசாயனம் கொண்டு சுவரைச் சுத்தம் செய்வது, மின்கம்பிக்காகத் தரையைத் தோண்டிப் போட்டிருக்கும் நாட்கள். இந்த நேரங்களில் அந்தப் பகுதியை மூடத்தான் வேண்டும், அதில் பேரம் கிடையாது. ஆனால் மொத்த வேலைக்காலத்தில் இவை எடுத்துக்கொள்வது சிறு பங்கு. மீதி நாட்களெல்லாம் பொறுமையான வேலை. சுண்ணாம்புச் சாந்து சிமென்ட் போல மறுநாளே இறுகிவிடாது. சாக்கை நனைத்துப் போட்டு ஈரம் காக்க வேண்டும், ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்த பூச்சு. செங்கல் இடுக்குகளைச் சுரண்டி நிரப்பும் கொத்தனாருக்குப் பத்தடி தள்ளி நின்று ஒரு குடும்பம் வேடிக்கை பார்ப்பதால் எந்த நட்டமும் வராது. சொல்லப்போனால், பார்க்கிறார்கள் என்றால் கை இன்னும் சுத்தமாக ஓடும். ஆறேழு ஏக்கர் பரப்பில் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் ஆபத்தான வேலை நடக்கிறது என்றால், அது வேலையின் தேவையால் வந்ததாக இருக்காது. அட்டவணை போட்டவர் அப்படிப் போட்டிருக்கிறார் என்றுதான் பொருள்.

அட்டவணையை வேறு விதமாகப் போட்டவர்களில் எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஹிரோஷிமா. அங்குள்ள அமைதி நினைவுப் பூங்காவையும் அருங்காட்சியகத்தின் முதன்மைக் கட்டடத்தையும் கென்சோ டாங்கே வடிவமைத்தார். அருங்காட்சியகம் 1955-இல் திறந்தது. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி அதை வலுப்படுத்தவும் காட்சிப் பொருள்களை மாற்றி அமைக்கவும் பெரிய வேலை ஒன்று தேவைப்பட்டபோது, இருந்த இரண்டு கட்டடங்களையும் அவர்கள் சேர்த்து மூடவில்லை. 2014 செப்டம்பரில் கிழக்குக் கட்டடம் மூடப்பட்டது; முதன்மைக் கட்டடம் திறந்திருந்தது. 2017 ஏப்ரல் இறுதியில் கிழக்குக் கட்டடம் திறந்த அதே வேளையில் முதன்மைக் கட்டடம் மூடப்பட்டு, 2019 ஏப்ரல் 25-இல் திறந்தது. ஆக நாலரை ஆண்டுகள் வேலை நடந்தது. ஒரு கட்டடமாவது திறந்திருந்தது. வெளியே பூங்காவும் நினைவு வளைவும் எப்போதும்போல் மக்களிடம் இருந்தன. அணுகுண்டு விழுந்த நாளான ஆகஸ்டு 6-இன் நினைவு நிகழ்ச்சி ஒவ்வோர் ஆண்டும் அங்கேயே நடந்தது.

அந்த வேலையில் ஒரு பெரிய சர்ச்சையும் இருந்தது. தோல் உரிந்து தொங்க, இடிபாடுகளுக்கிடையே நடந்து வரும் மனிதர்களின் உருவ பொம்மைகள் அங்கே நெடுங்காலமாக இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, இறந்தவர்களின் உண்மையான உடைமைகளை மட்டும் வைப்பது என்று நகர நிர்வாகம் 2013-இல் தெரிவித்தது. பொம்மைகளைப் பார்த்து வளர்ந்த பலர் எதிர்த்தார்கள், கையெழுத்தும் திரட்டினார்கள். குழந்தைகள் மனத்தில் அந்தக் கொடுமை பதிந்தது அவற்றால்தான் என்றனர் ஒரு சாரார். உண்மை அதைவிடக் கொடியது, பொம்மை அதைக் குறைத்துக் காட்டுகிறது என்றனர் மற்றொரு சாரார். 2017-இல் முதன்மைக் கட்டடம் மூடும் வரை அந்தப் பொம்மைகள் பார்வைக்கு இருந்தன. எதைப் பற்றிச் சண்டை போடுகிறோமோ அந்தப் பொருளை எதிரில் நின்று பார்த்துவிட்டே சண்டை போட முடிந்தது. கடைசியில் நிர்வாகம் தன் முடிவின்படியே அவற்றை எடுத்துவிட்டது, எதிர்த்தவர்கள் தோற்றார்கள். ஆனாலும் தங்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அமிர்தசரஸில் அதைத்தான் சொல்ல நேர்ந்தது.

அதே பூங்காவின் எல்லையில், குண்டுவெடிப்பில் எஞ்சிய இடிபாடாக நிற்கும் அணுகுண்டுக் குவிமாடம் இன்னும் பொருத்தமான ஒப்பீடு, ஏனெனில் அதன் அண்மைக்காலப் பழுதுபார்ப்பு 2020, 2021-இல், அதாவது ஜாலியன்வாலா பாக் பூட்டியிருந்த அதே காலத்தில் நடந்தது. குவிமாடம் சாரத்துக்குள் மறைந்திருந்தது. ஆனால் வேலியைச் சுற்றியுள்ள பாதையில் நடமாட்டம் நிறுத்தப்படவில்லை. அந்த இடிபாட்டுக்குள் பொதுமக்கள் எந்நாளும் அனுமதிக்கப்படுவதில்லை என்பதால் இது அவர்களுக்கு எளிதாக இருந்தது என்று ஒருவர் வாதிடலாம்; அது சரியான வாதமே.

நீருக்கு நடுவே இருக்கும் நினைவிடம் ஒன்றில்கூட வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹவாய்த் தீவில் உள்ள பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில் மூழ்கிய அரிசோனா போர்க்கப்பலின் மேல் அமைந்த நினைவிடத்தில், படகு வந்து அணையும் மேடை 2018 மே மாதம் பழுதானது. மக்களை இறக்கிவிட முடியாத நிலை. 2019 செப்டம்பர் 1 வரை நினைவிடத்துக்குள் யாரும் காலடி வைக்கவில்லை. ஆயினும் படகுகள் நிற்கவில்லை; நினைவிடத்தின் அருகே வரை மக்களை அழைத்துச் சென்று, விளக்கம் சொல்லி, திருப்பிக் கொண்டுவந்து விட்டன. உள்ளே விட முடியாவிட்டாலும் பார்க்க விடலாம் என்பது அங்கே எடுத்த முடிவு.

நம் நாட்டிலேயே, தில்லியில், இந்தியா கேட்டை ஒட்டிய ராஜபாதையில் 2021-இல் தொடங்கிய வேலைக்காக இருபுறப் புல்வெளிகளும் தடுப்புக்குள் போயின; படம் எடுக்கக் கூடாது என்ற அறிவிப்புப் பலகைகூட வைக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 8-இல்தான் கடமைப் பாதை என்ற புதுப்பெயரோடு அது திறந்து வைக்கப்பட்டது. ஆனால் இடையில், 2022 ஜனவரி 26 குடியரசு நாள் அணிவகுப்பு அதே பாதையில் நடந்தது. எத்தனை குழி தோண்டியிருந்தாலும் அந்தத் தேதிக்குள் பாதை தயாராக வேண்டும் என்று ஒப்பந்ததாரரிடம் சொல்லப்பட்டிருந்தது, அவர்களும் செய்து கொடுத்தார்கள். எனவே குறிப்பிட்ட ஒரு நாளுக்காக வேலையை நிறுத்தி இடத்தைத் திறந்து வைக்க நமக்குத் தெரியாது என்பதில்லை. எந்த நாளை அப்படித் தள்ளிப்போட முடியாத நாளாகக் கருதுகிறோம் என்பதுதான் வேறுபடுகிறது.

இனி ஜாலியன்வாலா பாகின் தனிச் சிக்கல். மேலே அது கடினம் என்று சொன்னதற்குக் காரணம் அந்தச் சந்தேதான். மக்கள் போகவர அது ஒன்றே முக்கிய வழி. அந்த வழியிலேயே மணலும் கல்லும் கம்பியும் போனால் யாரையும் உள்ளே விட முடியாது. வெளியே இருப்பதோ பொற்கோயிலுக்குப் போகும் வீதி. 2016-இல் அது நடைபாதை வீதியாக மாற்றப்பட்டது. பகலெல்லாம் திருவிழாக் கூட்டம். அங்கே லாரியைக் கொண்டுவந்து நிறுத்துவதை எந்த மேற்பார்வையாளரும் விரும்பமாட்டார். இந்த நிலையில் முழுதாக மூடுவதென்ற முடிவுக்கு வந்தவர்களின் சங்கடம் எனக்குப் புரிகிறது.

ஆனால் திட்டத்துக்குள்ளேயே இதற்கு விடை இருந்தது. நுழைவதும் வெளியேறுவதும் வேறு வேறு வழிகளாக வேண்டும் என்பது திட்டத்தின் ஒரு பகுதி. அந்த இரண்டாம் வழியை வேலையின் முதல் கட்டமாக எடுத்துக்கொண்டிருந்தால், மீதிக் காலம் முழுவதும் ஒரு வழி மக்களுக்கும் மற்றது பொருள்களுக்குமாக ஒதுங்கியிருக்கும். பொருள்களை இரவில் இறக்கலாம்; அமிர்தசரஸ் போன்ற ஊர்களில் கடைவீதிக் கட்டடங்கள் எல்லாம் அப்படித்தான் எழும்புகின்றன. அடுத்து, வெளியை இரண்டாகப் பிரித்து, தூணிலும் குளத்திலும் வேலை நடக்கும்போது குண்டுத் தடம் உள்ள சுவரையும் கிணற்றையும் திறந்து வைத்திருக்கலாம். அந்தப் பக்கம் வேலை வரும்போது இந்தப் பக்கம் திறக்கலாம். காட்சிக்கூடங்கள் கட்டடங்களுக்குள் நடக்கும் வேலை. அவற்றின் கதவை மூடினால் போதும், தோட்டத்தை மூடத் தேவையில்லை. சந்துக்குள் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பை நாளொன்றுக்குச் சில மணி நேரமாக, அதிகாலையில் செய்யலாம். இப்படிச் செய்தால் வேலை நீளும், செலவும் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. வேலி கட்டிப் பிரித்து மாற்றுவதற்கும், கூடுதல் காவலுக்கும், இரவு வேலைக் கூலிக்கும் பணம் வேண்டும். இவையெல்லாம் ஒப்பந்தப்புள்ளியிலேயே தனி இனமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாமல் விட்டுவிட்டுப் பிறகு ஒப்பந்ததாரரிடம் ‘மக்களையும் விடுங்கள்’ என்றால் அவர் பூட்டைத்தான் தேடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சிலர் கேட்பார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைப் பொறுத்தவரை, 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, விதிகளுக்கு உட்பட்டு அவற்றுக்குள் செல்லும் உரிமையைப் பொதுமக்களுக்கு வெளிப்படையாகவே வழங்குகிறது. ஜாலியன்வாலா பாக் அந்தப் பட்டியலில் வரும் சின்னம் அல்ல. சீரமைப்பில் தொல்லியல் துறைக்குப் பங்கு இருந்தாலும், இடம் 1951-ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்தின்படி அமைந்த அறக்கட்டளையிடம் இருக்கிறது. பிரதமர் அதன் தலைவர். சுடப்பட்டு இறந்தவர்கள், காயமடைந்தவர்களின் நினைவு நிலைக்கத் தக்க கட்டடங்களையும் பூங்காக்களையும் அங்கே அமைத்துப் பேணுவது அதன் நோக்கம் என்கிறது அந்தச் சட்டம். 2019-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, அறங்காவலர்களில் ஒருவராகக் காங்கிரஸ் தலைவர் இருக்கலாமா கூடாதா என்பதைப் பற்றி இரு அவைகளிலும் அனல் பறந்தது. கூடாது என்று முடிவாகி அந்த இடம் நீக்கப்பட்டது. மக்கள் எப்போது உள்ளே போகலாம் என்பதைப் பற்றியும் அப்போது இரண்டு வரி சேர்த்திருந்தால், அடுத்த பிப்ரவரியில் பூட்டு போட்டவர்கள் ஒரு காரணமாவது எழுத வேண்டி வந்திருக்கும்.

இருந்தாலும் கேட்பதற்குக் கருவி இல்லாமல் இல்லை. நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த அமைப்பு என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த அறக்கட்டளைக்கும் பொருந்தும். அதன் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்பதற்கு முன்பே பொது அமைப்புகள் தம் முடிவுகளையும் அவற்றுக்கான உண்மை விவரங்களையும் வெளியிட வேண்டும் என்கிறது. நீங்கள் இருக்கும் ஊரில் நினைவிடம் எதற்காவது ‘புதுப்பிப்புப் பணி காரணமாக மறு அறிவிப்பு வரும் வரை அனுமதி இல்லை’ என்று பலகை தொங்கினால், அதில் ‘மறு அறிவிப்பு’ என்ற சொல்லைத்தான் முதலில் கவனியுங்கள். தேதி இல்லாத பலகைக்குப் பின்னால் அட்டவணையும் பெரும்பாலும் இருக்காது. கட்டம் கட்டமாக வேலை செய்யும் திட்டம் தயாரிக்கப்பட்டதா, தயாரித்து நிராகரிக்கப்பட்டிருந்தால் எந்தக் காரணத்தால், வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரும் தரையும் படமும் அளவுமாகப் பதிவு செய்யப்பட்டனவா, புதிதாக எதைச் சேர்க்கப் போகிறார்கள், ஆண்டு நினைவு நாளில் திறப்பு உண்டா என்ற ஐந்தையும் எழுத்தில் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைவிட மூன்றாவதற்கு வரும் பதில் முக்கியம். பழைய தரை எப்படி இருந்தது என்ற பதிவு கையில் இருந்தால், பளபளக்கும் கல்லை என்றாவது பெயர்த்துவிட்டுப் பழையபடி போட முடியும்.